ஆடிப் பௌர்ணமியன்று நான் சொல்லாமல் விட்டது

அன்று காவல் நிலையத்தில் என் வாயிலிருந்து உண்மை ஏன் வரவில்லை? அண்ணாமலையாரை நம்பும் உங்கள் முன்னால் அவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தம்பி சரவணனுக்கு இருபத்தைந்து வயது. ஆறு வருடங்களாக மனநோய். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அவன் நன்றாகவே இருப்பான். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா, "பையனுக்கு சாமி பக்தி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அது போதும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அம்மா இறந்த பிறகு அவன் அடி அண்ணாமலை கிராமத்தில் என் புகுந்த வீட்டுக்கு வந்து எங்களோடு தங்கினான். நானும் அதையே சொன்னேன்.

கிரிவலப் பாதையில் அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வெளியூர்க்காரர்கள் காலில் விழுவார்கள். "சாமி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். ஆனி மாதம் அவன் மாத்திரை வேண்டாம் என்றபோது நான் கட்டாயப்படுத்தவில்லை. இத்தனை பேர் கும்பிடுகிறார்களே, ஒருவேளை அருள்தானோ என்று எனக்கும் தோன்றியது. படித்தவள் நான். பி.எஸ்சி. முடித்தவள்.

ஆடிப் பௌர்ணமியன்று ஊரே மலையை வலம் வந்துகொண்டிருக்க, அவன் எதிர்த்திசையில் நடந்தான். "திரும்பிப் போங்க, மலை எரியுது" என்று கத்தினான். நெரிசலில் ஓர் அம்மா கீழே விழுந்தார். தடுக்க வந்த காவலரை அவன் தள்ள, அவர் இரும்புத் தடுப்பில் மோதித் தோள்பட்டை விலகிவிட்டது. கூட்டம் அவனை அடித்தது. முந்தின மாதம் அவன் காலில் விழுந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நானும் என் கணவரும் காவல் நிலையத்துக்கு ஓடினோம். ஆய்வாளர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, இவனுக்கு மனசு ஏதாவது சரியில்லையா? வைத்தியம் பாத்த சீட்டு எதுனா இருந்தா இப்பவே சொல்லு."

என் கைப்பையில் மருத்துவமனை நோட்டு இருந்தது. பக்கத்தில் என் கணவர் நின்றார்.

"அதெல்லாம் இல்லீங்க சார். சாமி பக்தி ஜாஸ்தி, அவ்ளோதான்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அரசு ஊழியரைத் தாக்கியதாக வழக்கு. தம்பி சிறைக்குப் போனான்.

எட்டாம் நாள் சிறையில் மனு கொடுத்து அவனைப் பார்த்தேன். உதடு கிழிந்திருந்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"அக்கா, மாத்திரை கொண்டாந்தியா?"

வேண்டாம் என்று சொன்னவனே கேட்கிறான். டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வெளி மாத்திரை உள்ளே போகாது என்று சிறைக் காவலர் சொல்லிவிட்டார். டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் நோய் இருப்பதாக நான் சொல்ல வேண்டும். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. என் மகளை, என் வீட்டை, மாமியாரை நினைத்துப் பயந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பிரதோஷம். கோயிலில் பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது கூட்டத்தோடு நின்றேன். தம்பியை விடுவி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அப்பா, நான் பொய் சொன்னேன். அதைத் திருப்பிச் சொல்லத் தைரியம் கொடு" என்று மட்டும் கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்து, கணவர் சட்டையைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதைத்தான் நான் அண்ணாமலையார் அருள் என்கிறேன்.

கணவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அஞ்சு வருஷமா எங்கிட்டயும் இதையேதான சொன்ன?" என்றார். மறுநாள் தன் வண்டியில் என்னை நீதிமன்றத்திலுள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

அங்கிருந்த பெண் வழக்கறிஞர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன நாளா இத எங்கம்மா வெச்சிருந்த?"

"பையிலதாங்க மேடம்."

"நல்லா வெச்சிருந்த போ."

அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. மனு போட்டார். நீதிபதி மருத்துவ அறிக்கை கேட்டார். இருபத்தாறாம் நாள் தம்பியைச் சிறையிலிருந்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அவன் தெளிந்தான். பிறகு ஜாமீன். என் பொறுப்பில் வீட்டில் இருக்க வேண்டும், மாத்திரை தவறக்கூடாது, மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை. மருத்துவமனையிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் அம்மா பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். வாரம் மூன்று நாள் பகல்நேர மையத்துக்குப் போய் காகிதப் பை ஒட்டுகிறான்.

நீதிமன்ற வாசலில் அந்தக் காவலரைப் பார்த்தேன். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா நேரா ஆஸ்பத்திரிக்கே இட்னு போயிருப்பமேம்மா. அதுக்குச் சட்டமே இருக்குது. நீதான் ஒண்ணும் இல்லன்ட்ட."

அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

அண்ணாமலையார் என் வேண்டுதலைக் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இருபத்தாறு நாட்களை அவர் திருப்பித் தரவில்லை. மாத்திரை கொடுத்ததும், மருத்துவமனையில் பழகியதுபோல, தம்பி நாக்கை நீட்டி, தூக்கி, விழுங்கிவிட்டதைக் காட்டுகிறான். வேண்டாம்டா என்றாலும் காட்டுகிறான். மாமியார் "கொழந்தய எங்கிட்ட உட்டுட்டு உன் தம்பியக் கட்டினு அழு" என்கிறார். கணவர் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போய் உட்காருகிறார்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருந்தால், ஈசனை நம்புங்கள், அவர் கைவிடமாட்டார். அருள் என்றும் பக்தி என்றும் சொல்லி மறைக்க மட்டும் அவர் பெயரை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தினமும் காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது தம்பியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லாத இருபது நிமிடம்தான். டாக்டர் பூட்டாதே என்கிறார். சமூகப் பணியாளர் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். போன திங்கட்கிழமை அவன் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

"அக்கா, நான் எங்கயும் போவ மாட்டேன். உள்ளாற நானே தாப்பா போட்டுக்கறேன். நீ பூட்டாதக்கா."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பூட்டிவிட்டுத்தான் போனேன். இன்றும் பூட்டினேன்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, பூட்டாமல் வெளியே போகப் பழகியவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? முதல் நாள் எப்படிப் போனீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.