உள்ளூர்ப் பொறுப்பாளர்

மூக்கண்டப்பள்ளியில் நான் பால் வாங்கும் கடைக்காரருக்கு என் தமிழ் இன்னும் தமிழாகத் தெரிவதில்லை. ஏழு வருடமாக அவரிடம் "அண்ணை, ரெண்டு பால் பைக்கற் தாங்கோ" என்று கேட்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவரிடம் தெலுங்கிலும் பின்னால் நிற்பவரிடம் கன்னடத்திலும் பேசுகிற மனிதர், என் முறை வந்ததும் தனக்குத் தெரிந்த நாலு மலையாளச் சொற்களைத் தேடி எடுக்கிறார். "நான் தமிழ்தான் கதைக்கிறன்" என்றால், "கதையா? என்னா கதைம்மா?" என்று சிரிக்கிறார். எங்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போது இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் பாலை வாங்கி வருகிறேன்.

வன்னியில் மிஞ்சியிருக்கும் உங்களுக்கும் கனடா, பிரான்ஸ் என்று போய்விட்ட உங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இருப்பவளுக்கு என்ன குறை, தமிழுக்குள் அல்லவா இருக்கிறாள் என்று போனில் சொல்கிறீர்கள். இங்கே பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் கர்நாடகம். தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களில் பெண்பிள்ளைகள் அறுபது பேர் தங்கியிருக்கும் ஒரு ஹாஸ்டலுக்கு நான்தான் பொறுப்பு. சமையலும் நான்தான், உதவிக்கு இருவர் இருக்கிறார்கள். ஷிஃப்ட் வண்டி வந்ததும் எண்ணி ஏற்றுவது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அழுதால் பக்கத்தில் இருப்பது எல்லாம் என் வேலை. தம்பி குடும்பம் அகதி முகாமில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பதிவுக்கு நானும் அங்கே போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

என் பிள்ளைகளில் இருவர் வடகிழக்கில் ஒரே மாநிலத்திலிருந்து வந்தவர்கள். மாநிலத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே எந்தப் பக்கம் என்று பிரிந்து நிற்பீர்கள். கிம் மலைக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை. மெம்சா பள்ளத்தாக்கில் பிறந்தவள். தலையணைக்குக் கீழே ஒரு சிறிய கிருஷ்ணர் படம் வைத்திருப்பாள். இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், எதிரெதிராக உட்கார்ந்து சர்க்யூட் போர்டு பொருத்துகிறவர்கள். அவர்கள் இங்கே வந்த பிறகுதான் அங்கே சண்டை மூண்டது. கிம்மின் ஊர் எரிந்தது. மெம்சாவின் அம்மாவும் அண்ணனும் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள். எரிந்த வீட்டைப் போனில் காட்டியபோது கிம் என் மடியில் தலைவைத்து அழுதாள். அடுத்த வாரம் மெம்சா அழுதாள். அவளும் தன் போனைத்தான் காட்டினாள். இரண்டு படங்களிலும் சாம்பல் ஒரே நிறம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தி பரிமாறினால் மற்றவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா இதற்குள் வந்தார். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். கெலமங்கலத்துக்காரர். கணவர் தொழிற்சாலையில் ஃபோர்மன். ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் பிறப்பில் கத்தோலிக்கச்சி. மாதா இல்லாத ஜெபம் எனக்கு உப்பில்லாத சோறு மாதிரி. ஆனாலும் தனியாக இருப்பதற்கு அது மேல் என்று போய்வந்தேன். நான் முதல் தடவை போன நாளிலிருந்தே அவருக்கு ஒரே ஆசை: போரிலிருந்து கர்த்தர் என்னை எப்படிக் காப்பாற்றினார் என்று நான் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஏழு வருடமாகச் சரியில்லாத தொண்டை!

கிம்மின் செய்தி கேட்டதும் ஸ்டெல்லா எட்டுப் பத்துப் பெண்களோடு ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். போர்வை, உடுப்பு, அரிசி எல்லாம் கொண்டுவந்தார்கள். நல்ல மனம்தான், அதை நான் மறுக்கவில்லை. கிம்மின் தலையில் கைவைத்து உருகி ஜெபித்தார்கள். எல்லோரும் அழுதார்கள். படிக்கட்டில் மெம்சா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளையின்ர வீடும் போயிட்டுது. ஒரு போர்வை அவவுக்கும் குடுங்கோவன்" என்றேன்.

ஸ்டெல்லா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "சிஸ்டர், நானே சொல்லணும்னு இருந்தேன். அந்தப் பொண்ண வேற எங்கியாச்சும் அனுப்பிருங்க. அவுங்க ஆளுங்கதான இவ ஊரக் கொளுத்துனாங்க?"

"அவ கொளுத்தேல்லை. அவ இஞ்ச எங்கட ஹாஸ்டல்ல சோறு தின்னுகொண்டிருந்தவ."

"அதெல்லாம் சரிதான். ரத்தம்னு ஒண்ணு இருக்குதில்ல? நம்ம பிள்ளைக்கு நாமதான பாக்கணும். உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே சண்டையில இருந்து வந்தவங்க. கர்த்தர் உங்கள மட்டும் என்னாத்துக்குக் காப்பாத்துனாரு?"

என் பொறுமை அங்கேதான் போனது. இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. காப்பாற்றினார், காப்பாற்றினார் என்கிறார்கள். அப்படியானால் காப்பாற்றாமல் விட்டவர்களைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. "சரி, இருங்கோ. இண்டைக்குச் சாட்சி சொல்லுறன்" என்று சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஸ்டெல்லா மகிழ்ச்சியோடு கைதட்டி எல்லோரையும் உட்காரவைத்தார்.

நான் சொன்னது இதுதான். கடைசி மாதங்களில் நாங்கள் ஒரு கோயில் வளவில் பங்கர் வெட்டி இருந்தோம். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச். பன்னிரண்டு பேர். நான் வாசல் பக்கம் இருந்தேன், கையில் செபமாலை. ஷெல் விழத் தொடங்கியபோது ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை. எங்கள் ஊர்க்காரிதான். அவளுடைய புருசன் ராணுவத்துக்குத் தகவல் சொன்னவன் என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து "விடாதே, அவையளை விடாதே" என்று குரல்கள் வந்தன. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "அக்கா, என்னை விடுங்கோ. பிள்ளையளை மட்டும் எண்டாலும் எடுங்கோ." இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. என் காலை மடக்கியிருந்தால் போதும். நான் "இடமில்லை" என்றேன். சொல்லிவிட்டு, விட்ட மணியிலிருந்து செபமாலையைத் தொடர்ந்தேன். வெளியே வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. உடலும் இல்லை, செருப்பும் இல்லை. தப்பினார்களா, செத்தார்களா என்று பதினைந்து வருடத்துக்கு மேலாக எனக்குத் தெரியாது. "இதுதான் நான் காப்பாற்றப்பட்ட கதை" என்று சொல்லி முடித்தேன்.

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஸ்டெல்லாதான் முதலில் வாய் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "கர்த்தர் உங்கள மன்னிச்சிட்டாரு சிஸ்டர்."

"அவர் மன்னிப்பார். அவருக்கென்ன? நான் வெளியில விட்டது அவரையோ? அந்த மனுசி மன்னிச்சவவோ எண்டு ஆர் எனக்குச் சொல்லுறது?"

போர்வைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு என்னை ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை. அதைவிட மோசம், கிம் என்னோடு கோபித்துக்கொண்டாள். "ஆன்ட்டி சர்ச். நான் சர்ச். அவ நோ சர்ச். ஆன்ட்டி ஏன் அவகூட?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். "நான் அவவோட இல்லையம்மா, உன்னோடயும்தான் இருக்கிறன்" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. வீடு எரிந்த பிள்ளைக்கு அது புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

விஷயம் ஓனர் நாகராஜ் காதுக்குப் போனது. வீட்டில் தெலுங்கு பேசுகிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத, எதற்கும் பயப்படுகிற மனிதர். "நம்க்கு என்னாத்துக்கும்மா ஊரான் சண்டை? ரெண்டுல ஒண்ண அனுப்பிடு. யாருன்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார். நீயே பார்த்துச் சொல்லு! மறுபடியும் ஒரு வாசலில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போகப் பார்த்தார்.

"அப்ப என்னையும் சேர்த்து மூண்டு பேரை அனுப்புங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். அறுபது பேருக்கு நாளைக் காலைச் சாப்பாட்டை யார் வைப்பது என்று யோசித்திருக்க வேண்டும். "சரி, சரி. ஸ்டேஷன்ல ரெண்டு பேர் பேப்பரையும் கரெக்டாப் பண்ணிட்டு வந்துரு. நாளைக்கு ஒண்ணுன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

வெளிமாநிலத் தொழிலாளர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். பெஞ்சில் நான் நடுவில். அவர்கள் ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு. 'உள்ளூர்ப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் இரண்டு தாளிலும் என் கையெழுத்து. ரைட்டர் நிதானமானவர். என் அடையாள அட்டையைக் கேட்டார். முகாம் அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீயே அகதி. நீ எப்படி இவங்களுக்குப் பொறுப்பு?"

"ஏழு வருசமா நான்தான் ஐயா பொறுப்பு. ஒவ்வொரு நாளும் பிள்ளையளை எண்ணுறன்."

"அது சரிம்மா. பேப்பர்ல ஒத்துக்க மாட்டாங்க. இந்த ஊர் ஆள் ஒருத்தர் உனக்குப் போடணும். அப்புறம் நீ இவங்களுக்குப் போடு."

இந்த ஊர் ஆளுக்கு நான் எங்கே போவேன்? நாகராஜ் போனை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மற்ற எல்லோரும் வந்தேறிகள். வெட்கத்தை விட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தாளை வாங்கி, மெம்சாவின் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்குப் போடறேன். அந்தப் பொண்ணுக்கு நான் போட மாட்டேன்."

"வேண்டாம். எனக்குப் போடுங்கோ. அவவுக்கு நான் போடுறன்."

பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். "கால மடக்கியிருக்கலாம்னு சொன்னீங்களே சிஸ்டர், தூக்கமே வரல எனக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, மெம்சாவின் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மாடி. பேச்சு இல்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் பொய் எழுத முடியாது. அன்றைக்கு நிலையத்திலிருந்து வெளியே வந்து நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. லாரிகளுக்குப் பயந்து கிம் என் இடது கையைப் பிடித்தாள், மெம்சா வலது கையைப் பிடித்தாள். பாதி தூரம் ஓடி நடுவிலிருந்த சிமெண்டுத் தடுப்பில் ஏறி நின்றோம். முன்னால் பெங்களூருக்குப் போகிற வண்டிகள், பின்னால் கிருஷ்ணகிரிக்குப் போகிறவை. இரண்டு பக்கமும் இடைவெளி கிடைக்கவில்லை. கால் வைக்க ஒரு முழ அகலம்தான் இருந்தது. என் காலை ஒடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விடாமல், அங்கேயே நின்றேன்.