பெட்டிக்குள் இருந்த வண்டி வில்லை

யுத்த காலத்தில் நான் ஒரு பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது தருமபுரி, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. போர்டு எந்த ஊரில் இருந்தது என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது. ஊரின் பெயர் கெடுவானேன்?

வண்டிகளுக்கான விதிகளை நான்தான் தமிழில் எழுதினேன். வருஷா வருஷம் ஒவ்வொரு மாட்டு வண்டியையும் போர்டு ஆபீசில் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்ததும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுப்போம். அதை வண்டியின் இடது பக்கச் சட்டத்தில் ஆணி அடித்து மாட்ட வேண்டும். சாலையில் இடது ஓரமாகப் போக வேண்டும். இருட்டினால் விளக்கு கட்ட வேண்டும். வண்டிக்காரன் தூங்கக்கூடாது. சைக்கிளுக்கும் வில்லை உண்டு, மணியும் விளக்கும் உண்டு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் விளக்கு விதியை எவன் கேட்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கவலையெல்லாம் நடையைப் பற்றித்தான். இடது பக்கம் என்று எழுதாமல் "மேற்படி வாகனத்தின் வாமபாகத்தில்" என்று எழுதியிருந்தேன். தண்டோரா போட்டவர் அதை இரண்டு தெருவில் உரக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தெருவில், "வண்டிக்கு வில்லை வாங்கிக்கங்க, இல்லாட்டி ஆபீசுல புடிப்பாங்க!" என்று சுருக்கிவிட்டார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஜனங்கள் வில்லை வாங்கினார்கள். ஒழுங்காகத்தான் வாங்கினார்கள். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சந்தை நாள். முந்தின இரவு நல்ல மழை. காலையில் சந்தை முகப்பில், புளிய மரத்தடியில், என் புது சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சேவகரோடு வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. என் அப்பா வயதுள்ள ஒரு விவசாயி, அவர் மனைவி, நான்கு மூட்டை புளி. சட்டத்தில் வில்லை இல்லை.

"வில்லை எங்கேய்யா?"

"வூட்ல இருக்குதுங்க சாமி. பத்திரமா இருக்குது."

"வீட்டில் எதுக்கு இருக்குது?"

"பொட்டிக்குள்ள, பட்டாவோட வெச்சிருக்கறனுங்க. சர்க்காரு குடுத்ததுங்களே. வண்டியில அடிச்சா சேறு படும், எவனாச்சும் புடுங்கிக்கிட்டுப் போயிருவான்."

அவர் மனைவி வண்டியிலிருந்தே சேர்ந்துகொண்டார். "வெள்ளிக்கெழமையானா பொட்டு வெக்கறமுங்க. நெம்பருகூட மறைஞ்சு போச்சு."

சேவகர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

"வில்லையைக் கொண்டுவந்து காட்டிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போ. மாட்டை அவுத்துக் கட்டு."

"சாமி, போய் வர பதினாறு மைலுங்க. சந்தை கலைஞ்சிருமுங்க. இந்தப் புளிய வித்துத்தான் வெதக்கடலை வாங்கோணும். ராத்திரி மழை பேஞ்சிருக்குது. இந்த ஈரத்துல போட்டாத்தானுங்க கடலை. நாளான்னிக்கு வெயில் அடிச்சா மண்ணு இறுகிப் போயிரும்."

"மூட்டைகளை மட்டுமாச்சும் சந்தைக்குள்ள எறக்கிக்கறமுங்க" என்றார் மனைவி.

விதியில் வண்டியைத்தான் நிறுத்திவைக்கலாம் என்று இருந்தது. மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதினவனே நான், எனக்குத் தெரியாதா? "வண்டியும் சரக்கும் சேர்த்துத்தான்" என்று அந்த நிமிஷத்தில் ஒரு புது விதி இயற்றினேன். சட்டசபையெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

விவசாயி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாள் மாடுகளுக்குச் சோளத்தட்டு எடுத்துப் போட்டுவிட்டு நுகத்தடி மேல் உட்கார்ந்துகொண்டார். வெயில் உச்சிக்கு ஏறியது. பிறகு என் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமி, சைக்கிளுக்கும் வில்லை உண்டுன்னு வில்லை குடுக்கறப்ப ஆபீசுல சொன்னாங்களே. இதுக்கு இல்லீங்களா?"

இருந்தது. என் மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். திருகாணி போட்டால் புது வர்ணம் உதிர்ந்துவிடுமே என்று மாட்டவில்லை.

"அது ஆபீசுல இருக்கு. பத்திரமா..." என்று சொல்லும்போதே என் வாய் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"அப்பிடிங்களா" என்றார். "அப்ப உங்க பொட்டி கிட்டத்துல இருக்குது, எங்க பொட்டி தூரத்துல இருக்குது. அவ்வளவுதானுங்களே?"

பக்கத்தில் மிளகாய் விற்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். "குமாஸ்தாவையும் அவுத்துக் கட்டுங்கப்பா!" என்று ஒரு குரல் வந்தது. சேவகர் தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். சந்தை கலைய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "போய் வித்துட்டு வாங்கம்மா" என்று நான் சொல்லியிருந்தால் அந்த அம்மாளே புளியை விற்று விதையை வாங்கியிருப்பார். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் அப்படிச் சொன்னால் தோற்றுவிட்டதாக மிளகாய்க்காரர்கள் நினைப்பார்களே என்று பயந்தேன். பள்ளி இறுதி வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் மிளகாய்க்காரர்களிடம் தோற்கலாமா? அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய், வில்லையை எடுத்து, சைக்கிளில் திருகி மாட்டிக்கொண்டு, மணியடித்தபடி திரும்பி வந்தேன். வர்ணம் உதிரத்தான் செய்தது.

அந்த அம்மாள் என் வில்லையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மாடுகளை நிழலுக்கு நகர்த்திக் கட்டினார்.

விவசாயி திரும்பி வந்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. விதை வியாபாரிகள் சாக்கு மடித்துப் போய்விட்டிருந்தார்கள். மஞ்சள் துணியைப் பிரித்து வில்லையை நீட்டினார். எண் தெரியக் குங்குமத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றேன். ஒரு கல்லை எடுத்து அவரே ஆணி அடித்தார். வந்த மூட்டைகளோடு வண்டி திரும்பிப் போனது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அடித்த வெயிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த மழைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

புரட்டாசியில் வண்டிக் கணக்கெடுப்புக்காக அந்த விவசாயியின் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் கடலைக் கொடி கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது. அவருடைய புன்செய்க் காட்டில் மட்டும் கொள்ளு முளைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பருவம் தவறினவன் விதைப்பது கொள்ளு. அதை மாடும் தின்னலாம், மனுஷனும் தின்னலாம். விற்றுக் கடன் அடைக்க முடியாது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து நின்று கும்பிட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் சைக்கிளை அவர் வாசலில் நிறுத்தினேன். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"ஏன், இந்த வருஷம் கடலை போடலையா?"

ஒன்றும் தெரியாதவன் போலத்தான் கேட்டேன்.

"ஈரம் போயிருச்சுங்க சாமி" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கேக்கறதப் பாரு! அவருக்குத் தெரியாதாக்கும்?"

"சும்மா இரு புள்ள. ஆபீசரு வந்திருக்கறாரு."

நான் ஆபீசர் இல்லை. மோரைக் குடித்துவிட்டு, அதைக்கூடத் திருத்தாமல், அடுத்த வீட்டு வண்டியை எண்ணப் போனேன்.