சிக்னல் இல்லாத வாரம்

1. டிவியில் வந்த செய்தி

பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு நர்ஸ் வேலையும் பார்க்கும் பெண்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது சிலர் இருக்கிறார்கள். "எப்படி சமாளிச்சீங்க சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். ஒரு வாரத்தைப் பற்றிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

என் கணவர் அந்தோணி ராணுவத்தில் ஹவில்தார். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு வடக்கே பனிமலை போஸ்ட். அங்கே மொபைல் சிக்னல் கிடையாது. வாரம் ஒரு முறை சாட்டிலைட் போனுக்கு வரிசையில் நின்று சில நிமிடம் பேசுவார். நாம் திருப்பி அழைக்க முடியாது.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். அவர் இருந்த பகுதியில் பனிச்சரிவு என்று செய்தி ஓடியது. பெயர்கள் சொல்லவில்லை. யூனிட் ஆபீசுக்குப் போன் செய்தேன். லைன் கட்டாகியிருக்கிறது, தகவல் வந்தால் நாங்களே கூப்பிடுகிறோம் என்று இந்தியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தேன். அது அவராகவும் இருக்கலாம், அவரைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம்.

வாங்கிய மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். மறுநாள் டூட்டிக்குப் போனேன். லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், "வீட்டுல இரும்மா, நான் பாத்துக்குறேன்" என்றார்.

"வீட்டுல இருந்தா சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன் சிஸ்டர். இங்கயே இருக்கேன்."

போனை யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே செபம்தான்: அவரைக் காப்பாத்தும். பஸ்ஸில் அதுதான், கை கழுவும்போதும் அதுதான். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

2. செல்வியின் பிரசவம்

வியாழக்கிழமை செல்வி என்ற பெண் வலியோடு வந்தாள். மீனவர் வீட்டுப் பெண், முதல் பிரசவம். கடலில் காற்று அதிகம் என்று படகுகளைத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அவள் கணவன் போன படகு மட்டும் வரவில்லை.

வலி விட்ட நேரத்தில் என்னிடம் கேட்டாள். "உங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாரு சிஸ்டர்?"

"பட்டாளத்துல இருக்காரு. மலை மேல."

"பேசினாரா?"

"இல்லமா. பேசி ஒரு வாரத்துக்கு மேல ஆவுது."

"எங்க வூட்டாளும் போன எடுக்கல" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்தது. டாக்டர் அடுத்த டேபிளில் வேறொரு கேஸில் இருந்தார். "முக்குமா, விடாம முக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கையில் கிளவுஸ், கிளவுஸ் மேல் ரத்தம், கைக்குள் குழந்தையின் தலை. போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடி நின்றது.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன். குழந்தை வெளியே வந்தும் அழவில்லை. சக்‌ஷன் போட்டுச் சளியை எடுத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினேன். செல்வி தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது வீலென்று அழுதது.

எல்லாம் முடித்துவிட்டு டூட்டி ரூமுக்குப் போய் போனைப் பார்த்தேன். இரண்டு மிஸ்டு கால், தெரியாத நம்பர். அவரா, ஆபீசா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கமான செபம் வாயில் வரவில்லை. "புள்ள அழுதுச்சு ஆண்டவரே, நன்றி" என்றுதான் வந்தது. அந்த வாரத்தில் எதையும் கேட்காமல் நான் சொன்ன ஒரே செபம் அது. பயம் போய்விடவில்லை. ஆனால் பசித்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

டூட்டி முடியும் நேரத்தில் மறுபடி போன் வந்தது.

"மேரி" என்றார். அவர்தான். "ஏன் எடுக்கல?"

"டெலிவரில இருந்தேங்க."

"இன்னா கொழந்த?"

"பொண்ணு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. "பக்கத்து டென்ட் போயிடுச்சு மேரி. ரெண்டு பேரு. நேத்துதான் ஒடம்ப எடுத்தோம்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

செல்வியின் கணவரும் மறுநாள் வந்துவிட்டார். இன்ஜின் பழுதாகி, வேறொரு படகு கடலூர் துறைமுகத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது. உப்புப் படிந்த சட்டையோடு வார்டு வாசலில் நின்றவரைப் பார்த்து செல்வி சொன்னாள்: "மொதல்ல பொண்ணப் பாரு. அப்பறமா ஒன்னத் திட்டுறேன்."

3. அன்பியக் கூட்டம்

எங்கள் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிப்பதை அன்பியக் கூட்டம் என்போம். அடுத்த கூட்டத்தில் ஜோசபின் அக்கா, "மேரி, ஆண்டவர் ஒன் வீட்டுக்காரரக் காப்பாத்துனத சாட்சியா சொல்லு" என்றார்.

எழுந்து நின்றேன். அந்த இருவரின் மனைவிகளும் என்னைப் போலத்தானே வேண்டியிருப்பார்கள்? என் செபம் கேட்கப்பட்டது என்று சொன்னால் அவர்கள் செபத்தைப் பற்றி என்ன சொல்வது?

"அவரு கொரல கேட்டேன், நன்றி. செல்வி பொண்ணு அழுதுச்சு, நன்றி. அந்த ரெண்டு வீட்டுக்கு இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியலக்கா. அவங்களுக்காக செபம் சொல்லலாம்" என்றேன். ஜோசபின் அக்கா முதலில் முழங்காலிட்டார். எல்லோரும் முழங்காலிட்டோம்.

பதில் வந்த பிறகு நன்றி சொல்வது சுலபம். பதில் வருவதற்கு முன்னால் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். டூட்டியில் ஒரு குழந்தை அழுதிருக்கும், ஒரு தாய் தண்ணீர் கேட்டுக் குடித்திருப்பாள். அதற்கே சொல்லலாம். பட்டாளத்துக்காரர் மனைவிக்குச் சந்தோஷத்தை லீவு நாள் வரைக்கும் தள்ளிப்போட முடியாது.

அவர் லீவில் வந்தபோது அந்த இருவருடைய மனைவிகளின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருத்தி இந்து, ஒருத்தி சீக்கியப் பெண். தினமும் செபமாலையில் என் கணவர் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு பெயர்களையும் சொல்கிறேன்.