பன்னிரண்டு நாள் இரும்பு ஒரே ஊற்றில்

கவலையே இல்லாத மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிற அளவுக்குப் புத்தி உண்டு. வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அட்மின் சூப்பர்வைசராக இருந்தவருக்கு அதுவும் கிடையாது. டிப்ளமா படித்த தெற்கத்திக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். அந்த அண்ணாச்சியில் இருந்த மரியாதை, அவர்கள் கேன்டீன் டீயில் இருந்த பால் அளவுக்குத்தான்.

அங்கே விருந்தினர் ஹாலில் நாலடி மீன்தொட்டி ஒன்று, உள்ளே நிஜச் செடிகள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பராமரிப்பது என் வேலை. போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கறை விடுகிறது என்று ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சத்தும் இருக்காது. மீனுக்கும் இறாலுக்கும் வேண்டிய உப்புப் பொடியை நான் கலந்துவிடுவேன். அதில் இரும்பு கிடையாது. இரண்டே மாதத்தில் செடிகளின் புதுக் கொழுந்தெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புக் குறை என்று சொன்னேன்.

"நம்ம கம்பெனியில இரும்புக்கா பஞ்சம் அண்ணாச்சி?" என்று சிரித்தார். அடுத்த முறை போனால், பிரஸ் ஷாப்பில் வெட்டி விழுந்த தகட்டுத் துண்டுகள் ஒரு வலைப்பையில் கட்டப்பட்டுத் தொட்டிக்குள் தொங்குகின்றன. தண்ணீர் டீ டிக்காஷன் போல இருந்தது.

"சார், துருவ செடி துன்னாது சார். அது கரையாது, அடியில போய் குந்திக்கும்."

"இரும்பு இரும்புதானவே?"

டிப்ளமாவில் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

பையை எடுத்து எறிந்துவிட்டு, செடிக்கென்றே விற்கிற சத்துத் திரவத்தை வாங்கி வைத்தேன். அதில் இரும்பைத் துருவாகிவிடாமல் ஒரு மருந்து பிடித்து வைத்திருக்கும், செடியால் எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பிடி சில நாள்தான் நிற்கும் என்பதால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மில்லி, சார்தான் விட வேண்டும். அதே சீசாவில் துளி செம்பும் உண்டு. செடிக்கு அது உணவு, மீன் தாங்கும், இறாலுக்கு அளவு மீறினால் விஷம். அதுவும் இப்படிச் சத்தில்லாத தண்ணீரில் செம்பின் கடுமை அதிகம்.

அந்தத் தொட்டியில் என் சிவப்பு இறால்கள் நாற்பது இருந்தன. பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டுத் தொட்டியில், விரல் நக அளவு தாய் இறால்களிலிருந்து ஒரு வருஷம் வளர்த்தவை. இலையில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று கொண்டு போய் விட்டிருந்தேன். விட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால்தான் செம்பைப் பற்றி அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு ஒரு செக் ஷீட் அடித்து, லேமினேட் போட்டு, தொட்டி பக்கத்தில் மாட்டினார். நாளுக்கு ஒரு கட்டம். தினமும் போன் செய்து கேட்பேன். "எல்லாம் ஓகே அண்ணாச்சி" என்பார்.

அடுத்த முறை திங்கட்கிழமை காலையில் போனேன். வெளியே தோட்டக் குழாயருகே இரண்டு கேன் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடி கலந்து வைத்துவிட்டு உள்ளே வந்தால், இறால்கள் எல்லாம் தண்ணீரின் மேல்விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில அடியில் வெளுத்துக் கிடந்தன. செக் ஷீட்டில் பதினாலு கட்டத்திலும் பச்சை மசியில் டிக்.

"இன்னா சார் ஊத்துனீங்க?"

"மருந்துதான். ரெண்டு நாள் ஊத்துனேன், பொறவு லைன்ல ஒரே பிரச்சன, மறந்துட்டேன். இன்னைக்கு கஸ்டமர் ஆடிட்லா? பன்னெண்டு கட்டம் பெண்டிங். நேத்து சாயந்தரம் மொத்தமா ஊத்தி குளோஸ் பண்ணிட்டேன்."

"சும்மா டிக்கு போட்டு வுட்ருக்கலாமே சார்!"

"ஊத்தாம டிக் போட்டா ஃபோர்ஜரி ஆயிரும்லா அண்ணாச்சி?" முகத்தில் அப்படி ஒரு பெருமை. பொய்க் கையெழுத்துக்குப் பயப்படுகிற நேர்மை. இந்த ஒரு நாளாவது அவர் நேர்மை தவறியிருந்தால் என் இறால்கள் பிழைத்திருக்கும்.

தண்ணீரைப் பாதி மாற்றுகிறேன் என்றேன். விடவில்லை. "ஹால்ல பக்கெட்டு, டியூபு எல்லாம் கெடந்தா அசிங்கம். கஸ்டமர் போனப்பொறவு பாத்துக்கிடுங்க."

"அதுக்குள்ள எல்லாம் செத்துடும் சார்."

"பூச்சிதானவே?"

அதற்குமேல் அந்த மனிதரிடம் பேசுவது வீண். கேன் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றிக் கொண்டுவந்து, வலையால் உயிருள்ளதை மட்டும் அள்ளினேன். அவசரத்தில் இரண்டு நழுவி ஃபில்டருக்குப் பின்னால் போயின. "சீக்கிரம், சீக்கிரம், கேட்டுக்கு வந்துட்டாங்க" என்று அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். வாளியோடு நான் பின்வாசல் வழியாக வெளியேறவும், கோட்டு போட்டவர்கள் முன்வாசலில் நுழையவும் சரியாக இருந்தது.

கஸ்டமர் போனதும் தண்ணீரை மாற்றலாம் என்று வெளியே காத்திருந்தேன். மதியம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். செடியையும் செக் ஷீட்டையும் பார்த்துப் பாராட்டினார்களாம்.

"அந்தச் செவப்புப் பூச்சிய திரும்ப விடலயா?"

"செத்துப்பூட்ச்சி சார். எல்லாமே."

"சரி விடுங்க, வேற போட்டுக்கிடலாம்."

வாளி என் வண்டியின் முன்பக்கம், ஈரத்துணி மூடி, நிழலில் இருந்தது. அவர் அதைத் தாண்டித்தான் நடந்து போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் துணியைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டில் எண்ணியபோது பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், பதினெட்டு. காலையில் பதினாறு. அதற்குப் பிறகு குறையவில்லை.

அந்தத் தொட்டிக்கு இன்னமும் போகிறேன். சீசாவை அவரிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு துளிதான் கிடைக்கிறது என்பதால் கொழுந்துகள் மறுபடி வெளிறிக்கொண்டு வருகின்றன. வெளிறட்டும். இலைப் பாசியைப் பழைய பல் பிரஷ்ஷால் நானே தேய்க்கிறேன். முழங்கை வரை நனைகிறது, ஒரு மணி நேரம் ஆகிறது. பதினாறு இறால்களும் வீட்டில் இருக்கின்றன.