பஞ்சோடு உள்ளே வரக்கூடாது

சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி சாப்பாட்டு நேரத்தில்தான் காதில் விழுந்தது. விண்ணப்பிக்க அந்த வாரத்தோடு கடைசி. நான் அப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் சைடர். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷின் ஓட ஓட, அறுந்த நூலை நடந்துகொண்டே ஒட்டும் வேலை. நடந்து நடந்து காலில் நரம்பு சுருண்டு, வேலையை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். விட்டால் வீட்டில் உலை கொதிக்காது. நடுநடுவே உட்காரவும் முடிகிற அந்த சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அதிலேயே அப்ளை பண்ண வேண்டுமாம். ஓடினேன். ஏ.சி. அறை வாசலில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செல்வம் மறித்தான்.

"யக்கா, அங்கனயே நில்லுங்க! மேலெல்லாம் பஞ்சு. மிஷினுக்குள்ள போச்சுன்னா என்னையத்தான் பிடிப்பாக."

"சரிப்பா, நீயே என் பேரப் போட்டு விடேன்."

"அவுகவுக பாஸ்வேர்டுலதான் போடணும்க்கா."

"அதை யாரு குடுப்பா?"

"கம்ப்யூட்டர்ல கேட்டு வாங்கணும்க்கா."

ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் அறையைப் பூட்டிவிட்டார்கள். வார லீவன்று தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"லீவு நாள்ல பாஸ் இல்லாம விட முடியாது தாயி."

"பாஸ் எங்கண்ணே வாங்கணும்?"

"இப்ப அதையும் கம்ப்யூட்டர்லதான் கேக்கணுமாம்ல" என்று அவரும் திருதிருவென்று விழித்தார்.

யார் மேல் கோபப்படுவது? ஒருத்தரும் என்னை விரட்டவில்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் நான் வெளியேதான் நின்றேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் மீட்டிங்கில் மேனேஜர் வருத்தப்பட்டார்: "ஸ்பின்னிங்ல இம்புட்டுப் பேரு இருக்கீங்க, ஒருத்தருகூட அப்ளை பண்ணலயே. முன்னுக்கு வரணும்ங்கற ஆசையே இல்லையா?" விண்ணப்பித்தவன் செல்வம் ஒருத்தன்தான். அவனே எங்களுக்கு சூப்பர்வைசராக வந்தான்.

வந்த அன்றைக்கே அவன் தலை, மீசை எல்லாம் பஞ்சு. சாயங்காலம் முகம் தொங்கிப்போய் என் ஃபிரேமுக்கு வந்தான்.

"யக்கா, ஒரு லீவு போடணும். அதையும் கம்ப்யூட்டர்லதான் போடணுமாம். புதுசா வந்த ஆபரேட்டர் புள்ள என்னைய உள்ள விடமாட்டேங்குது."

"எனக்கு வழி தெரியலப்பா. தெரிஞ்சா எனக்கும் சொல்லு" என்றேன்.

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மேலும் பல வருடம் அதே ஃபிரேமில் நடந்தேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, சம்பளத்தைப் பிறகு கேளுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் உங்களை விடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.