குப்பைவாளிக்கு மேலே ஒரு குழந்தை

கனடாவில், யூனியன்வில்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சீனக் கடைத்தொகுதியில் போன சனிக்கிழமை ஒரு புதினம் பார்த்தேன். சனம் நெரிகிற நடைபாதையில், ஓர் இளம் சீனத்தாய் தன் ஆண்குழந்தையின் தொடைகளை இரு கையாலும் பிடித்து, குப்பைவாளிக்கு மேலே தூக்கி, “ஷூ... ஷூ...” என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் காற்சட்டை இதற்கென்றே அடியில் பிளந்து தைக்கப்பட்டிருந்தது. அவனும் சொல்வழி கேட்டு மூத்திரம் பெய்தான். சுற்றி நின்ற சீனர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓ மை கோட், அண்ணி, பாக்காதேங்கோ!” என்றாள் ரம்யா. என் கணவரின் தங்கை. இங்கேயே பிறந்தவள், எங்களோடுதான் இருக்கிறாள், குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்தில் வேலை. அவளுக்கு அருவருப்பு. எனக்கோ துள்ளிக் குதிக்காத குறை!

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எங்கள் ஊர் கொக்குவிலில் என் அக்கா, மகனை வேலியோரம் தூக்கிப் பிடித்து “ஸ்ஸ்...” என்றால் அவன் பெய்துவிடுவான். கோயில் வீதியிலும் அதுதான், பஸ் நிலையத்திலும் அதுதான். இங்கே என் மகள் ஆதிரையை முதல்தரம் அப்படிப் பிடித்தபோது ரம்யா பதறிவிட்டாள். “பிள்ளை தானா ரெடியாகேக்கைதான் பழக்கோணும் அண்ணி. உது அப்யூஸ் மாதிரி.” அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து எல்லாம் கள்ளத்தனம்தான். குளியலறையைப் பூட்டி, பைப்பைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் மெல்ல “ஸ்ஸ்...” என்பேன். நான் கூடாத தாயோ என்று அங்கேயே நின்று அழுததும் உண்டு.

சனிக்கிழமை ஆதிரைக்கு டயப்பர் போட்ட இடமெல்லாம் சிவந்திருந்ததால் வெறும் பருத்தித்துணிதான் கட்டியிருந்தேன். அவள் ரம்யாவின் இடுப்பில் இருந்தாள். சீனத்தாய் மறுபடி “ஷூ...” என்றாள். என் மகள் காதைக் கூர்மையாக்கினாள்.

“அண்ணீ...!”

ரம்யாவின் புது ஜாக்கெட் நனைந்து ஒழுகியது. அவள் பிள்ளையைப் பார்த்தாள், சீனத்தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“உந்தச் சத்தம் இவளுக்கு எப்பிடி விளங்கினது?”

மானம் கப்பலேறிவிட்டது. இனி என்ன ஒளிப்பு? “நான்தான் பழக்கினனான். ஒவ்வொரு நாளும்,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, சீனத்தாய் “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்து ரம்யாவை டிசுவால் துடைக்கத் தொடங்கினாள். நான் அவளுடைய மகனைக் காட்டி, என் மகளைக் காட்டி, “ஸ்ஸ்...” என்றேன். அவள் கண்கள் விரிந்தன. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெருவிரலை உயர்த்தி, “குட் மம்மி! வெரி குட் மம்மி!” என்றாள். கடவுளே, இந்த நாட்டில் அதை எனக்கு முதல்முதல் சொன்னவள் அவள்தான். எனக்குக் கண் கலங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் நான் குளியலறைக் கதவைப் பூட்டவில்லை; பழக்கத்தில் பைப்பை மட்டும் திறந்துவிட்டு ஆதிரையைத் தூக்கிப் பிடித்தேன். ரம்யா வாசலில் வந்து நின்றாள்.

“உதுக்குத்தானோ இவ்வளவு நாளும் பைப்பைத் திறந்து விட்டனீங்கள்?”

“ஓம்.”

“பைப்பைப் பூட்டுங்கோ. எனக்கு அந்தச் சத்தம் கேக்கோணும்,” என்றாள்.

இன்று விட்பி நகரத்துக்கு, மாமி வீட்டுக்குப் போகிறோம். மாமியின் வெள்ளைக் கார்ப்பெற்றுக்குப் பயந்து ஆதிரைக்கு டயப்பர் கட்டியாயிற்று. நாளை சீனக்கடைக்கு மீன் வாங்கப் போகும்போது வெறும் பருத்தித்துணிதான். விட்பியில் அவள் கனடாக்காரி. சீனக்கடைக்குள் நுழைந்தால்தான் கொக்குவில் பிள்ளை.