பாதத்தில் காது வைத்த ஓரகத்தி

வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிந்து கால்களுக்கு இறங்குகிற இடம் எனக்கு அடைத்துவிட்டது. தொடை இடுக்கிலும் அடைப்பு. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குக் கால் வலியில் நின்று நின்றுதான் போவேன். கேட்டவர்களிடம் வேடிக்கை பார்க்கிறேன் என்பேன். பிறகு இடது கால் விரல் கறுத்தது.

இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் தொடை இடுக்கைக் கீறித் திறந்து குழாயைச் சுரண்டுவாராம். மற்றவர் அந்த வழியாகவே கம்பி விட்டு மேலே வயிற்றில் ஸ்டென்ட் வைப்பாராம். அப்படியும் ரத்தம் இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார்கள். உங்களில் யார் பெரியவர் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். அதை அவசரமாகப் போடுகிற வழக்கமில்லை. இருவரும் காத்து நின்றார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நர்ஸ் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து வந்து பாதத்தில் பசை தடவி வைத்துப் பார்ப்பாள். உஷ், உஷ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் வரும். அந்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

மறுநாள் சந்தாபுராவிலிருந்து என் ஓரகத்தி வந்தாள். எங்கள் கிரகப்பிரவேசத்தில் என் காலில் விழ மாட்டேன் என்று சபையில் சொன்னவள். அதிலிருந்து பேச்சில்லை. ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வைத்த பெட்டியில் சத்தம் வரவில்லை. பேட்டரி போயிருக்கும் அஜ்ஜி என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு நர்ஸ் வேறு பெட்டிக்கு ஓடினாள். போனது பேட்டரியா காலா என்று யார் கண்டது? நான் குனியக் கூடாது. ஓரகத்தி எழுந்தாள். கால்மாட்டில் முட்டி போட்டு, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, குறியின் மேல் காதை வைத்தாள்.

"கேக்குதாடி?"

"பேசாதீங்கக்கா. நீங்க பேசறதுதான் கேக்குது."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள் அவள் பக்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

டாக்டர்கள் இருவரும் நர்ஸோடு வந்தார்கள். பசை ஈரத்தில் குறி அவள் கன்னத்துக்குப் போயிருந்தது. கத்திக்காரர் குறியை என் காலில் தேடினார்; கம்பிக்காரர் அவள் கன்னத்தையே பார்த்தார். புதுப் பெட்டியை அங்கே இங்கே வைத்தார்கள். ஒன்றுமில்லை. அவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்தது. உஷ், உஷ். கால் தப்பித்தது என்றார்கள்.

ஓரகத்தி அப்போதுதான் பாதத்தை விட்டாள்.

"கால்ல உழுந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாதீங்க."

"கால் இருக்குதில்ல, திரிவேன்" என்றேன்.